ரீயூனியன் தீவும் நம் கொம்யூன்களும்

புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு ரீயூனியன் தீவின் ஞாபகம் வரும். மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கி.மீ. தள்ளி, இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு அது. நம் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 4,500 கி.மீ. தூரம். அவ்வளவு தொலைவில் உள்ள தீவுக்கும் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டும் ஒரே பிரெஞ்சு உள்ளாட்சி முறையில் பிறந்தவை. அங்கே கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பிரிவுக்கு 6 ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. மேயர் வருகிறார். ஆரம்பப் பள்ளிக் கட்டடம் முதல் கல்யாணப் பதிவு வரை அவர் தலையில்தான் விடிகிறது. இங்கே கொம்யூன் என்ற பெயர் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, ஆணையர் இருக்கிறார். மக்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர் யாரும் இல்லை.

நம்மில் பலருக்கு ரீயூனியன் குடும்பப் பேச்சில் அடிபடும் பெயர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் யாராவது ஒருவர் அங்கே ராணுவத்திலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்திருப்பார். அதற்கும் வெகுகாலம் முன்பே, 19ஆம் நூற்றாண்டில், புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள். மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நாம் மகிழ்ந்துபோய் அத்தோடு நின்றுவிடுகிறோம். அந்த மக்களின் அன்றாட வாழ்க்கையை யார் நடத்துகிறார்கள், அந்த நிலம் எப்படிப்பட்டது என்பதெல்லாம் நம் பேச்சுக்குள் வருவதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் நிலம். ரீயூனியனின் பரப்பு சுமார் 2,512 சதுர கி.மீ. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கையும் கூட்டினால் வருவதைப்போல ஐந்து மடங்கு. மக்கள்தொகை 9 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நம் யூனியன் பிரதேசத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 12.47 லட்சம் பேர். ஆனாலும் அங்கே இடம் தாராளம் என்று நினைத்துவிடக் கூடாது. தீவின் நடுப்பகுதி முழுக்க மலை. ஊர்களும் சாலைகளும் பெரும்பாலும் கரையோர விளிம்பிலும் அதற்கு மேலே உள்ள சரிவிலும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

கடலடியிலிருந்து எழுந்த இரண்டு எரிமலைகள் சேர்ந்ததுதான் இந்தத் தீவு. மூத்தது பித்தோன் தெ நேழ். 3,070 மீட்டர், இந்தியப் பெருங்கடல் தீவுகளிலேயே உயரமான சிகரம். அது எப்போதோ அடங்கிவிட்டது. இளையது தென்கிழக்கில் உள்ள பித்தோன் த லா ஃபுர்னேஸ், 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. பூமிக்கடியில் இந்தத் தீவை உருவாக்கிய அதே அனல் ஊற்றுதான் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணப் பீடபூமியின் கரும்பாறை அடுக்குகளையும் கொட்டியது என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள். இந்தியத் துணைக்கண்டம் அதன் மேலே கடந்து வடக்கே நகர்ந்துவிட்டது, அந்த ஊற்று அங்கேயே எரிந்துகொண்டிருக்கிறது.

எரிமலை வெடித்தால் குழம்பு பெரும்பாலும் ஆளில்லாத கிழக்குச் சரிவில் இறங்கிக் கடலில் விழும். எப்போதும் அப்படி நடப்பதில்லை. 1977இல் செந்த்-ரோஸ் கொம்யூனில் ஊருக்குள்ளேயே புகுந்தது. வீடுகள் போயின. அங்கிருந்த மாதா கோயிலைக் குழம்பு சுற்றி வளைத்து, வாசற்படியில் வந்து உறைந்து நின்றுவிட்டது. அந்தக் கருங்குழம்பை அகற்றாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம். 2007 ஏப்ரலில் வந்த பெரிய வெடிப்பில் கரையோர நெடுஞ்சாலையே குழம்புக்கு அடியில் போனது. உச்சியில் இருந்த பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. கடலில் கொட்டிய குழம்பால் தீவின் பரப்பு கொஞ்சம் கூடியதும் அப்போதுதான். குழம்பு ஆறிய பிறகு அதன் மேலேயே புதுச் சாலை போட்டார்கள். சாலை பராமரிப்பு என்றால் அங்கே இதுவும் சேர்த்திதான்.

பழைய எரிமலையைச் சுற்றி மலை இடிந்தும் அரித்தும் உண்டான மூன்று பெரும் பள்ளங்கள் இருக்கின்றன: சிலாவோஸ், சலாசி, மஃபாத். முதல் இரண்டும் தனித்தனிக் கொம்யூன்கள். மஃபாத்தின் கதை வேறு. அதற்குள் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். சில நூறு பேர் சின்னச் சின்னக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். மின்கம்பி போகாததால் சூரிய ஒளியில் விளக்கெரிகிறது. தபால்காரர் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு மலையேறிப் போய்க் கடிதம் கொடுத்த ஊர் அது. அந்தப் பள்ளத்துக்குள் ஆரம்பப் பள்ளிகள் நடக்கின்றன. நிர்வாகக் கணக்கில் மஃபாத் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி சென்-போல் கொம்யூனுக்கும் மறுபகுதி லா பொசெசியோன் கொம்யூனுக்கும் போகிறது. மலைக்கு மேலே நாலு வீடு என்றாலும், கடற்கரை நகரத்தில் உட்கார்ந்திருக்கும் மேயருக்கு அவர்கள் வாக்காளர்கள். அதனால் அவர்களைக் கேட்க நாதி உண்டு.

மழையைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தீவைப் புரிந்துகொள்ள முடியாது. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று ஈரத்தைச் சுமந்துவந்து கிழக்குச் சரிவில் இறக்கிவிடுகிறது. மேற்குக் கரை மலையின் மறைவில் காய்ந்து கிடக்கிறது. கிழக்கே வருடத்துக்குப் பல மீட்டர் மழை பெய்யும் இடங்கள் இருக்க, மேற்கே ஒரு மீட்டர்கூடத் தேறாத ஊர்கள் உண்டு. புயல் வந்தால் கணக்கே வேறு. 1966 ஜனவரியில் ஃபொக்-ஃபொக் என்ற மலைப்பகுதியில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. பெய்தது. ஒரே நாளில் பெய்த மழைக்கு உலக சாதனை அதுதான். நம் ஊரில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 1,300 மி.மீ. அளவுதான். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது எரிமலைப் பக்கம் மூன்று நாளில் 3.9 மீட்டர் கொட்டியது. தெற்கே ஓர் ஆற்றுப் பாலம் அப்படியே விழுந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம்மைக் கடந்தபோது ஏறக்குறைய 50 செ.மீ. மழைக்கே நகரம் எப்படி மூழ்கியது என்று நமக்குத் தெரியும்.

கிழக்கே தண்ணீர், மேற்கே நிலமும் மக்களும். இந்தப் பொருத்தமின்மைக்கு அவர்கள் கண்ட தீர்வு, மலையைக் குடைவது. சலாசி, மஃபாத் பள்ளங்களின் ஆறுகளிலிருந்து தண்ணீரைச் சுரங்கக் கால்வாய் வழியாக மேற்கு வயல்களுக்குத் திருப்பினார்கள். வேலை 1989இல் தொடங்கி 2014இல்தான் முழுமை பெற்றது. கால் நூற்றாண்டு! இடையில் ஆட்சிகள் மாறின, தலைவர்கள் மாறினார்கள், வேலை நிற்கவில்லை. அந்தத் தண்ணீர் வந்த பிறகு மேற்குச் சரிவில் கரும்பும் காய்கறியும் விளைகின்றன.

சரி, நிர்வாகத்துக்கு வருவோம். காலனிக் காலத்தில் நிலத்தைப் பங்கு போட்டபோது, இரண்டு ஓடைகளுக்கு இடைப்பட்ட நிலத்தைக் கடற்கரையில் தொடங்கி மலையுச்சிவரை ஒரே பட்டையாக அளந்து கொடுத்தார்கள். வெட்டிய முலாம்பழத் துண்டுபோல, கரையில் அகன்று மேலே போகப்போகக் குறுகும் பட்டைகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் மீன் பிடிக்கக் கரை, கரும்போ காப்பியோ போடச் சரிவு, மரம் வெட்டக் காடு என்று மூன்றும் கிடைத்தன. பிற்பாடு வந்த கொம்யூன்கள் பலவும் ஏறக்குறைய அதே வடிவத்தில்தான் அமைந்தன. மொத்தம் 24 கொம்யூன்கள். உள்நாட்டில் உள்ள சிலவற்றைத் தவிர மற்றவை கடலைத் தொடுகின்றன. பிரான்ஸில் சுமார் 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் சில நூறு பேர்தான். ரீயூனியனில் சராசரியாக 37,000 பேருக்கு ஒன்று. அதனால் அங்கத்து மேயர் பெரிய ஆள். தலைநகர் சென்-தெனியில் மட்டும் ஒன்றரை லட்சம் பேர்.

மேலிருந்து பார்த்தால் இந்த அமைப்பு கொஞ்சம் தலைசுற்றும். தீவு முழுவதும் பிரான்ஸின் ஒரு தெபார்த்மான். நம் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உண்டு. அதே தீவு முழுவதும் 1980களிலிருந்து ஒரு மாநிலம் மாதிரியான பிராந்தியமும்கூட, அதற்கும் தனி மன்றம். ஒரே நிலம், ஒரே மக்கள், இரண்டு மன்றங்கள். தெபார்த்மான் மன்றத்துக்கு 25 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஜோடியாகப் போட்டியிட வேண்டும் என்பது சட்டம், ஆகவே 50 உறுப்பினர்களில் சரிபாதி பெண்கள். பிராந்திய மன்றத்துக்கு 45 பேர். கீழே, பக்கத்துப் பக்கத்துக் கொம்யூன்கள் குப்பை, பேருந்து போன்ற வேலைகளுக்காகச் சேர்ந்துகொண்ட ஐந்து கூட்டமைப்புகள். பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு 7 மக்களவை உறுப்பினர்கள், 4 செனட்டர்கள்.

யாருக்கு எது என்பதைப் பள்ளிக்கூடத்தை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஒரு குழந்தை ஆரம்பப் பள்ளிக்குப் போனால் அந்தக் கட்டடமும் மதியச் சாப்பாடும் கொம்யூன் பொறுப்பு. நடுநிலைப் பள்ளிக்குப் போனால் கட்டடம் தெபார்த்மான் பொறுப்பு. மேல்நிலைப் பள்ளி பிராந்தியத்தின் பொறுப்பு. ஆசிரியருக்குச் சம்பளம் எல்லா நிலையிலும் பாரிஸ் அரசு. கூரை ஒழுகினால் யாரிடம் போக வேண்டும் என்று பெற்றோருக்குத் தெரியும். பெரிய சாலைகள் பிராந்தியத்துக்கு. சென்-தெனிக்கும் மேற்குக் கரைக்கும் நடுவே செங்குத்தான பாறைச் சுவரின் அடியில் போன பழைய சாலையில் பாறை உருண்டு ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதற்கு மாற்றாகக் கடலுக்குள்ளேயே தூண் நட்டு, 5.4 கி.மீ. நீளப் பாலத்தை 2022இல் திறந்தார்கள். மொத்தத் திட்டத்துக்கு முதலில் போட்ட மதிப்பே 160 கோடி யூரோவுக்கு மேல். மிச்சப் பகுதி கல் கிடைக்காமல் வருடக்கணக்கில் இழுத்தது.

அந்தப் பாலம் வந்து முடியும் இடம் கிராந்த் ஷலூப். அங்கே கல் சுவரோடு ஒரு பழைய வளாகம் இருக்கிறது. 1860களில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களை ஊருக்குள் விடும் முன் நோய் இருக்கிறதா என்று அடைத்து வைத்துப் பார்த்த தடுப்பு முகாம் அது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் அந்தத் தீவில் முதலில் படுத்துறங்கிய இடம் இதுபோன்ற முகாம்தான். இன்று அதைப் பராமரித்து மக்கள் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் அவர்கள் கப்பலேறிய இடத்தை நாம் அப்படிக் காப்பாற்றி வைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இவர்கள் எல்லோருக்கும் மேலே பிரெஃபே இருக்கிறார். பாரிஸ் நியமிக்கும் அதிகாரி. நம் துணைநிலை ஆளுநரோடு ஒப்பிடத் தோன்றும். ஓரளவுக்குத்தான் பொருந்தும். போலீஸ், பாதுகாப்பு, பேரிடர் இதெல்லாம் அவர் கையில். எரிமலை குமுறத் தொடங்கினால் உள்பள்ளத்துக்குப் போகும் பாதையை மூட உத்தரவிடுவது அவர். புயல் வந்தால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அறிவிப்பை ஏற்றுவதும் அவர். ஆரஞ்சு என்றால் பள்ளிகள் மூடல். சிவப்பு என்றால் சில மணி நேர அவகாசத்துக்குப் பிறகு யாரும் தெருவில் இறங்கக் கூடாது, மீறினால் அபராதம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது அதற்கும் மேலான ஊதா அறிவிப்பு வந்தது. நமக்குத் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்போல, அங்கே சின்னப் பிள்ளைக்கும் இந்த நிறங்கள் தெரியும். ஆனால் உத்தரவு பிரெஃபேவுடையது என்றாலும், தங்குமிடத்தைத் திறந்து பாய் போடுவது, குடிசையில் இருக்கும் கிழவியை அழைத்து வருவது எல்லாம் மேயரின் ஆட்கள். எந்தச் சந்தில் தண்ணீர் முதலில் ஏறும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் நம் நிலத்தையும் பார்க்க வேண்டும். ரீயூனியனுக்கு நாலு பக்கமும் கடல், ஆகவே எல்லைச் சண்டை இல்லை. நமக்கு எல்லை வயல்வரப்பில் ஓடுகிறது. வில்லியனூர், அரியூர் தாண்டிக் கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் திருபுவனை, மறுபடி புதுச்சேரி. ஊசுட்டேரியில் இரண்டு அரசுக்கும் பங்கு. பாகூர் ஏரிக்குத் தண்ணீர், தமிழ்நாட்டில் உள்ள சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வர வேண்டும். ஃபெஞ்சலுக்குப் பிறகு சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டபோது தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூர் என்றும் பாகூர் என்றும் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் வீடுகள் மூழ்கின. கடலூர்ப் பக்கத்து ஊராட்சிகளிலாவது தேர்தலில் வந்த தலைவர்கள் இருந்தார்கள். பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் கதவைத் தட்ட ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. சட்டமன்ற உறுப்பினரைத் தேடிப் போக வேண்டும், அல்லது அதிகாரிக்குப் போன் போட வேண்டும். இப்படித் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் நிலத்துக்குத்தான் உள்ளூர் மன்றம் மற்ற எவரையும்விட அதிகம் தேவை என்பது என் எண்ணம்.

ஒரே வேரில் கிளைத்த இரண்டு ஊர்களும் எங்கே பிரிந்தன? 1946 மார்ச் 19 அன்று பிரான்ஸில் ஒரு சட்டம் வந்தது. மார்த்தினிக், குவாதலூப், கயானா, ரீயூனியன் என்ற நான்கு பழைய காலனிகள் அன்றிலிருந்து தெபார்த்மான்கள் ஆயின. அதை முன்னின்று எடுத்துச் சென்றவர் மார்த்தினிக் கவிஞர் எமே செசேர். ரீயூனியனிலிருந்து கேட்டவர்கள் இடதுசாரித் தலைவர்கள் ரெமோன் வெர்ழேஸும் லெயோன் த லெப்பெர்வான்ஷும். கரும்பு முதலாளிகளின் பிடியிலிருந்து விடுபட, பாரிஸ் தொழிலாளிக்கு உள்ள அதே சட்டம் எங்களுக்கும் வேண்டும் என்பது அவர்கள் வாதம். பிரெஞ்சிந்தியாவும் பழைய காலனிதான். பாரிஸுக்கு உறுப்பினர் அனுப்பியதுதான். ஆனால் அந்த ஆண்டு அதற்குக் கிடைத்தது தெபார்த்மான் தகுதி அல்ல, கடல்கடந்த பிரதேசம் என்ற வேறு தகுதி. இங்கே காற்று வேறு பக்கம் வீசிக்கொண்டிருந்தது. 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் 12 பேரைச் சுட்டுக் கொன்ற ஆட்சி, அதன் பக்கம் யாரை இழுக்க முடியும்? கம்யூனிஸ்டுத் தலைவர் வ. சுப்பையாவின் தோழர்கள் பிரான்ஸை வெளியேறச் சொன்னார்கள். அங்கே கம்யூனிஸ்டுகள் பிரான்ஸோடு முழுமையாகச் சேரப் போராடிய அதே காலத்தில் இங்கே கம்யூனிஸ்டுகள் பிரான்ஸிலிருந்து விடுபடப் போராடினார்கள். இருவர் கேட்டதும் சமத்துவம்தான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் முடிந்தது.

ரீயூனியன் கேட்ட சமத்துவம் சீக்கிரம் வரவில்லை. குறைந்தபட்சக் கூலி பிரான்ஸுக்குச் சமமாக வந்தது 1996இல்தான். சரியாக 50 ஆண்டு. இடையில் கொடுமைகளும் நடந்தன. 1960களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை, சுமார் 2,000 குழந்தைகளைத் தீவிலிருந்து பிரான்ஸின் ஆளில்லாத கிராமப்புற மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். பல பெற்றோருக்கு என்ன காகிதத்தில் கைநாட்டு வைக்கிறோம் என்றே தெரியாது. 2014இல் பிரெஞ்சு மக்களவை அதற்கான தார்மிகப் பொறுப்பை ஏற்றுத் தீர்மானம் போட்டது. இன்றைக்கும் தீவில் மூன்றில் ஒருவருக்கு மேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே. சாப்பாட்டுச் சாமான் விலை பிரான்ஸைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். எல்லாம் கப்பலில் வர வேண்டும் என்பது ஒரு காரணம், இறக்குமதி சில கைகளில் இருப்பது இன்னொன்று. 2018 நவம்பரில் மக்கள் சாலைகளை மறித்து உட்கார்ந்தார்கள். தீவு ஸ்தம்பித்து, இரவு ஊரடங்கு போடும் அளவுக்குப் போனது. எனவே ரீயூனியனைச் சொர்க்கமாகக் காட்டுவது என் நோக்கம் இல்லை. மேயர்கள் மீதும் புகார்கள் உண்டு. கொம்யூனில் தற்காலிக வேலை போட்டுக்கொடுத்து ஓட்டு வாங்குவது அங்கே பழைய நோய்.

இன்னொரு விஷயம் நமக்கு வியப்பாக இருக்கும். ரீயூனியனுக்குச் சொந்தச் சட்டமன்றம் இல்லை. சட்டம் பாரிஸில்தான் எழுதப்படும். 2003இல் பிரெஞ்சு அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது, கடல்கடந்த தெபார்த்மான்கள் சில துறைகளில் தாங்களே விதிகளை வகுத்துக்கொள்ள வழி வைத்தார்கள். அந்த வழி ரீயூனியனுக்கு வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்க வைத்தவர் செனட்டர் ழான்-போல் விராப்புல்லே. சென்-ஆந்த்ரே கொம்யூனின் மேயராகப் பல்லாண்டு இருந்த அவர் தமிழ் வம்சாவளியினர். தனி அதிகாரம் என்று தொடங்கினால் கடைசியில் பிரான்ஸிடமிருந்து விலகுவதில் முடியும், கஷ்டப்பட்டுப் பெற்ற சம உரிமை போய்விடும் என்ற பயம் அவருக்கும் அவர் பக்கத்தாருக்கும். நாமோ பல ஆண்டுகளாக மாநில அந்தஸ்து கேட்டுத் தீர்மானம் மேல் தீர்மானம் போடுகிறோம். 30 தொகுதிச் சட்டமன்றம், முதலமைச்சர், அமைச்சரவை எல்லாம் நமக்கு இருக்கின்றன. ரீயூனியனுக்கு இல்லாத பெரிய அதிகாரம் நம்மிடம் உண்டு. ரீயூனியனில் இருக்கும் சின்ன அதிகாரம்தான் நம்மிடம் இல்லை.

அந்தச் சின்ன அதிகாரம் நமக்குப் புதிது அல்ல. 1880இல் பிரெஞ்சிந்தியாவைப் பத்துக் கொம்யூன்களாகப் பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மேயரும் வைத்தார்கள். புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் எல்லாம் அன்றைக்கே கொம்யூன்கள். அந்தத் தேர்தல்களில் சாதியும் அடியாட்களும் புகுந்து விளையாடியது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. விடுதலைக்குப் பிறகு 1968இல் ஒரு தேர்தல் நடந்தது. 1973இல் நகராட்சிச் சட்டமும் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. அடுத்த தேர்தல் 2006இல். 38 ஆண்டு இடைவெளி! அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதிகூட அறிவித்தார்கள், இடஒதுக்கீடு பற்றிய வழக்கால் நின்றுபோனது. ரீயூனியனில் 2014இல் ஓட்டுப் போட்டவர்கள் 2020இல் கொரோனாவுக்கு நடுவிலும் மறுபடி போட்டார்கள்.

கடற்கரைச் சாலையில் உள்ள மேரி, அதாவது மேயர் அலுவலகக் கட்டடத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டில் கட்டிய நகரமன்றம். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றம் மாறாமல் உலக வங்கி உதவியோடு திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். வெள்ளைத் தூண்களும் வளைவுகளும் அப்படியே அழகாக வந்திருக்கின்றன. மாலையில் சுற்றுலாக்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். மேயர் உட்காரத்தான் அந்த வீட்டைக் கட்டினார்கள். ரீயூனியனில் எந்த மேரிக்குள் போனாலும் கல்யாணம் பதிய வந்த ஜோடி, வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கேட்டு வந்தவர், பள்ளிச் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுக்க வந்த தாய் என்று கூட்டம் இருக்கும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற, எங்கள் தெருவுக்கு வேண்டிய சொல்தா ஒருவர் சொல்வார்: "அங்க மேயர் ரோட்ல நடந்து போனா நாலு பேர் நிறுத்திக் கேள்வி கேப்பான் தம்பி. பதில் சொல்லாம போக முடியாது."

உள்ளாட்சித் தேர்தல் நடத்தப் புதிதாக எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. 1973 சட்டங்கள் அமலில் உள்ளன. மாநிலத் தேர்தல் ஆணையம் இருக்கிறது. புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாகே, ஏனாம் என்று 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் அலுவலகத்தோடும் ஊழியரோடும் தயாராக நிற்கின்றன. இடஒதுக்கீட்டுக்கான கணக்கெடுப்பை முடித்து, வார்டுகளை அறிவித்து, தேதியைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்தத் தேதி எப்போது என்று ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரிடமும் அவரவர் தொகுதி மக்கள் நேரில் கேட்க வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் பாகூரிலும் நெட்டப்பாக்கத்திலும் மண்ணாடிப்பட்டிலும் வார்டு உறுப்பினர்கள் இருக்க வேண்டும்.